முப்பத்தொரு கைகள்

அத்தியாயம் 9

வெள்ளைச் சட்டையின் வலது கமக்கட்டில் தையல் விட்டிருந்தது. புஷ்பராணி சட்டையை உள்பக்கம் திருப்பி, ஊசியில் நூல் கோத்து, நெருக்கமாய் எட்டுத் தையல் போட்டாள்.

"வேறை சேட்டு இல்லையே?" என்றார் அருமைராசா.

"இதுதான் வெள்ளை. தூரத்திலை இருக்கிறவைக்கும் தெரியவேணும். நீங்கள் கையை உயர்த்தேக்கை உள்பனியன் தெரிஞ்சால் அந்தத் தியாகராசா ஒரு கிழமைக்குச் சொல்லிச் சிரிப்பான்."

அவள் தான் சொன்னதற்குத் தானே சிரித்தாள். அருமைராசா ஜன்னலால் வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். வில்லரேத் தெருவில் பனி உருகிக் கறுத்த சேறாய்க் கிடந்தது.

அந்தக் கையைப் பற்றி இந்த வீட்டில் இரண்டு கிழமையாகப் பேச்சு. செயின்ட்-மிஷேலில் இருக்கும் சலவை ஆலையில், வார இறுதிக்கு மட்டும் வரும் மகள் நிரோஜாவை விட்டால், முப்பத்தொரு தமிழர் வேலை. அதில் பிரெஞ்சு ஒழுங்காய் விளங்குவது அருமைராசா ஒருவருக்குத்தான். யூனியன் கூட்டத்தில் எல்லோரும் அவருக்குப் பின்னால் இருப்பார்கள். அவர் கை உயர்ந்தால் எல்லோருடைய கையும் உயரும். அவர் கை மடியில் இருந்தால் எல்லோருடைய கையும் மடியில் இருக்கும். பதினெட்டு வருசமாய் அப்படித்தான். ஏன் உயர்த்தினோம் என்பதைப் பேந்து தேத்தண்ணி குடிக்கும்போது கேட்டுக்கொள்வார்கள்.

ஆலைக்கு நடுவில் ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் ஆஸ்பத்திரிகளிலிருந்து வரும் அழுக்கு. இரத்தமும் மலமும் பட்ட விரிப்புகள் மூட்டை மூட்டையாய் விழும். கையால் பிரிக்கவேண்டும். மற்றப் பக்கம், தோய்ந்து காய்ந்து மணமாய் வருவதை மடிப்பார்கள். மடிக்கும் பக்கத்தில் தமிழர், போர்த்துக்கேயர், வெள்ளைக்காரர். அழுக்குப் பக்கத்தில் ஹெயிட்டிக்காரரும் கொங்கோக்காரரும். அப்படி ஒரு சட்டமும் எழுதியில்லை. சுப்பர்வைசர் முகத்தைப் பார்த்து அனுப்புகிறார், அவ்வளவுதான்.

தமிழரில் அழுக்குப் பக்கம் நிற்பவள் புஷ்பராணி ஒருத்தி. வேலைக்கு வந்த முதல் நாள் அங்கே ஆள் குறைவு என்று விட்டார்கள். ஒன்பது வருசமாகிவிட்டது.

இன்றைக்கு யூனியன் பொதுக்கூட்டம். கறுப்புத் தொழிலாளர்கள் யூனியனுக்குள்ளேயே தங்களுக்கென்று ஒரு குழு அமைத்திருந்தார்கள். அதை யூனியன் ஏற்கவேண்டும், அதன் நிர்வாகக் குழுவில் இவர்களுக்கு ஒரு கதிரை தரவேண்டும், மடிக்கும் பக்கத்து வேலையை முகம் பார்த்துக் கொடுக்காமல் வருசம் பார்த்துக் கொடுக்கவேண்டும். இவ்வளவுதான் கேட்டார்கள். கேட்டவர்களுக்கு முன்னால் நின்றவள் ஜோஸ்லேன், ஹெயிட்டிக்காரி, பதினாறு வருசமாய் அழுக்குப் பிரிப்பவள். அவர்களிடம் நாற்பத்தைந்து கை இருந்தது. காணாது. தமிழருடைய கையும் வேண்டும்.

"தாறன்," என்று அருமைராசா இரண்டு கிழமைக்கு முன் ஜோஸ்லேனின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார்.

வியாழக்கிழமை யூனியன் தலைவர் அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சொன்னது வாசகருக்குத் தெரியும். புஷ்பராணிக்குத் தெரியாது. மடிக்கும் பக்கத்தில் ஒரு இடம் காலியாகிறது. ஆலை நிர்வாகத்தோடு கதைத்து அதை உன் மனைவிக்கு எடுத்துத் தருகிறேன். சனிக்கிழமை உன் கை நான் சொல்லும்போது உயரவேண்டும். தலைவர் சொன்னது அதுதான். அருமைராசா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. தலைவருக்கு அது போதுமாயிருந்தது.

குசினி அலமாரியின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் கோப்பை கவிழ்த்திருந்தது. இரண்டு வருசத்துக்கு முன் ஒரு விரிப்புக்குள் கிடந்த ஆஸ்பத்திரி ஊசி புஷ்பராணியின் உள்ளங்கையில் ஏறியது. ஆறு மாதம் இரத்தம் சோதித்தார்கள். அந்த ஆறு மாதமும் அவளுக்கு அந்தக் கோப்பை தனி. அருமைராசாதான் வாங்கி வந்தார். "ஒரு கவனத்துக்குத்தான்" என்றார். ஆலையில் ஜோஸ்லேன் புஷ்பராணியின் பிளாஸ்கின் மூடியிலேயே தேத்தண்ணி ஊற்றிக் குடித்தாள். புஷ்பராணி வேண்டாம் என்று மறித்தபோதும் குடித்தாள்.

நிரோஜா சப்பாத்தை மாட்டிக்கொண்டு வந்தாள். இருபத்தொரு வயது. மடிக்கும் பக்கத்தில் சனி ஞாயிறு வேலை. குழுவின் துண்டுப் பிரசுரத்தைத் தமிழில் எழுதிக் கொடுத்ததும் அவள்தான்.

"அப்பா, நான் முன்னுக்குப் போறன். கதிரை அடுக்கவேணும். நீங்கள் ஜோஸ்லேனிட்டைச் சொன்னது சொன்னதுதானே?"

"சொன்னனான்தானே."

"மெர்சி, அப்பா."

நன்றியைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். அருமைராசா சட்டையைப் போட்டுப் பொத்தான்களை ஒவ்வொன்றாய்ப் பூட்டினார். கழுத்துப் பொத்தான் வரை பூட்டினார்.

*

தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். நனைந்த சப்பாத்துகளின் மணம். முன்வரிசையில் ஜோஸ்லேனும் குழுப் பெண்களும், அவர்களோடு நிரோஜா. பின்பக்கம் இடது மூலை தமிழருக்கு.

தியாகராசா அருமைராசாவின் காதுக்குள் குனிந்தார். மடிக்கும் மெசினில் நிற்பவர். மெதுவாய்ச் சொல்வதாய் நினைத்து எல்லோருக்கும் கேட்கச் சொல்வார்.

"அண்ணை, இந்தக் கறுப்புக் காப்பிலியளின்ரை சோலி எங்களுக்கு என்னத்துக்கு? அவை இஞ்சாலை வந்தால் நாங்களெல்லே அங்காலை போகவேணும்."

"தியாகராசா," என்றாள் புஷ்பராணி, "வெளியிலை நிக்கிற காரின்ரை கண்ணாடியிலை உம்மடை முகத்தை ஒருக்காப் பார்த்திட்டு வந்து கதையும்."

பெண்கள் சிரித்தார்கள். தியாகராசாவும் சிரித்தார். "அக்காவுக்கு அங்கை நிண்டு நிண்டு வாய் கூடிப்போச்சு."

"அங்கை நிண்டால் வாய்தான் மிச்சம். மூக்கு எப்பவோ செத்துப்போச்சு."

ஜோஸ்லேன் பேச எழும்பினாள். பருத்த உடம்பு. இடது முழங்கால் மடங்காது. மைக் கரகரத்தது. அவள் அதைத் தள்ளி வைத்துவிட்டு வெறும் குரலில் பேசினாள். பிரெஞ்சில்தான் பேசினாள். நிரோஜா பக்கத்தில் நின்று தமிழில் சொன்னாள்.

"பதினாறு வருசத்திலை அழுக்குப் பக்கத்திலை இருந்து மடிக்கிற பக்கம் போன கறுப்பு ஆக்கள் எத்தனை பேர் எண்டு கேக்கிறா. இரண்டு பேராம். ஒராள் போய் மூண்டாம் மாதம் செத்துப்போனா. நாங்கள் யூனியனை விட்டுப் போகேல்லை எண்டு சொல்லுறா. யூனியனுக்குள்ளை வாறம் எண்டு சொல்லுறா. இவ்வளவு நாளும் வாசல்லைதானாம் நிண்டவை."

தமிழ் மூலையில் ஒரு கிழவர் கை தட்டினார். பிறகு பலரும் தட்டினார்கள். புஷ்பராணி எழும்பியே தட்டினாள். ஜோஸ்லேன் அவளைக் கண்டு தலையாட்டினாள்.

தலைவர் மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். நல்ல பேச்சு என்றார். முக்கியமான விசயம் என்றார். பிறகு வேகமாய், ஒரு தாளைப் பார்த்து வாசித்தார். இந்தப் பிரேரணையை இன்று வாக்குக்கு விடாமல் நிர்வாகக் குழு ஆராய்வதற்கு ஒத்திவைப்போம்; ஒத்திவைப்பதற்கு முதலில் வாக்கு. காலம் எதுவும் சொல்லவில்லை. தமிழ் மூலையில் அருமைராசாவைத் தவிர ஒருவருக்கும் அது விளங்கவில்லை. நிரோஜா மொழிபெயர்க்க வாய் திறப்பதற்குள் தலைவர் கேட்டுவிட்டார்.

"ஆதரிப்பவர்கள்?"

அந்த ஒரு பிரெஞ்சுச் சொல் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

அருமைராசாவின் கை உயர்ந்தது. தையல் போட்ட வெள்ளைக் கை. நேராய், உயரமாய்.

அவருக்குப் பின்னால் முப்பது கைகள் உயர்ந்தன. புஷ்பராணி முழங்கையை மடக்காமல் உயர்த்தினாள். உயர்த்திய கையோடு முன்வரிசைப் பக்கம் திரும்பி, ஜோஸ்லேனைப் பார்த்து, எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தாள். பார், சொன்னபடி கொண்டுவந்துவிட்டேன் என்ற சிரிப்பு.

ஜோஸ்லேன் அந்தக் கையையும் அந்தச் சிரிப்பையும் பார்த்தாள். அவளுடைய முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

நிரோஜா கதிரையில் ஏறி நின்று கத்தினாள். "கையை இறக்குங்கோ! இது அதுக்கில்லை. இது அவையை நிப்பாட்டுறதுக்கு. அம்மா, இறக்குங்கோ கையை!"

தமிழ் மூலை குழம்பியது. பெட்டை ஏதோ சொல்லுது என்றார்கள். எல்லோரும் ஒரே இடத்தைப் பார்த்தார்கள். அருமைராசாவின் கை அங்கேயே நின்றது. ஆகவே அவர்களுடைய கைகளும் நின்றன.

புஷ்பராணியும் அவரைப் பார்த்தாள். பிள்ளை எங்கேயோ பிழையாய் விளங்கிவிட்டாள் என்று நினைத்தாள். அவர் வாக்குக் கொடுத்தவர். அவர் பிழை விடமாட்டார். கையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினாள்.

இரண்டு பேர் வரிசை வரிசையாய் எண்ணிக்கொண்டு வந்தார்கள். புஷ்பராணியின் கையை விரலால் சுட்டி எண்ணினார்கள்.

ஒத்திவைக்க அறுபத்தொன்று. எதிராய் நாற்பத்தாறு. அந்த நாற்பத்தாறில் ஒன்று நிரோஜாவின் கை.

*

வெளியே படிக்கட்டில்தான் விசயம் எல்லோருக்கும் விளங்கியது. யாரும் பெரிதாய்ச் சத்தம் போடவில்லை. சிலர் "அட" என்றார்கள். "அண்ணை யோசிச்சுத்தான் செய்திருப்பார்" என்றார் ஒருவர். தியாகராசா மட்டும் அருமைராசாவின் முதுகில் தட்டினார்.

"நீங்கள் கெட்டிக்காரன் அண்ணை. சிரிச்சுக்கொண்டே கழுத்தை அறுத்திட்டியள்."

ஜோஸ்லேன் கைப்பிடியைப் பிடித்து ஒரு படி ஒரு படியாய் ஏறி வந்தாள். அருமைராசாவுக்கு முன்னால் நின்றாள். மூச்சு வாங்கியது.

"நல்ல சட்டை," என்றாள் பிரெஞ்சில். "வெள்ளை. தூரத்திலிருந்தே தெரிந்தது."

புஷ்பராணி அவளுடைய கையைப் பிடிக்கப் போனாள். "ஜோஸ்லேன், எனக்குத் தெரியாது, நான்..." அவளுடைய பிரெஞ்சு அழுக்குப் பக்கத்தில் நின்று படித்தது. மூட்டை, கையுறை, பாரம், கவனம், சாப்பாட்டு நேரம். இதைச் சொல்ல அதில் சொல் இல்லை.

ஜோஸ்லேன் பேருந்துத் தரிப்பிடத்துக்கு நடந்தாள். எல்லோருக்கும் ஒரே பேருந்துதான். பன்னிரண்டு மணிக்கு எல்லோருக்கும் வேலை. ஆஸ்பத்திரிகளுக்குச் சனிக்கிழமை என்று ஒன்று இல்லை.

பேருந்தில் புஷ்பராணி கணவரைப் பார்க்காமல் கேட்டாள்.

"ஏன் இஞ்சாருங்கோ?"

"பேந்து சொல்லுறன்."

"எனக்கு இப்ப சொல்லுங்கோ."

"உமக்காகத்தான்," என்றார் அருமைராசா. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

*

ஆலையில் வேலைக்கு வந்த நேரம் பதியும் மெசினுக்குப் பக்கத்தில் ஒரு அறிவித்தல் பலகை. அதில் ஒரு புதுத் தாள் குத்தியிருந்தது. அதற்கு முன்னால் குழுப் பெண்கள் கூடி நின்றார்கள். புஷ்பராணியைக் கண்டதும் வழி விட்டார்கள். கூடுதலாகவே விட்டார்கள்.

"என்ன போட்டிருக்கு?" என்று மகளைக் கேட்டாள்.

நிரோஜா வாசித்தாள். பிறகு இன்னொரு தரம் வாசித்தாள்.

"உங்கடை பேர் அம்மா. திங்கக்கிழமையிலை இருந்து மடிக்கிற பக்கம். உடல்நலக் காரணமாம். யூனியனும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்து வைச்சிருக்கு. நீங்களும் இண்டைக்கு வேலை முடியிறதுக்குள்ளை வைக்கவேணும்."

"இடம் காலியாய் இருந்ததே?"

"இருந்தது. வருசப்படி பார்த்தால் முதல் ஆள் ஜோஸ்லேன்." நிரோஜா தாளின் மூலையை விரலால் தொட்டாள். "திகதி வியாழக்கிழமை. கூட்டத்துக்கு ரண்டு நாள் முன்னம்."

ஜோஸ்லேன் அவர்களுக்குப் பின்னால் நின்றாள். தமிழ் விளங்காது. விரல் தொட்ட இடம் விளங்கியது. அதை அவள் ஏற்கெனவே வாசித்திருந்தாள்.

நிரோஜா தகப்பனிடம் போனாள். அவர் பலகையைப் பார்த்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றார்.

"திங்கக்கிழமை வரைக்கும் தாளைப் போடமாட்டன் எண்டெல்லே தலைவர் சொன்னவர்," என்றார்.

"அப்ப ஓம் எண்டு சொல்லியிருக்கிறியள்."

"பிள்ளை, கொம்மாவின்ரை கையிலை ஊசி ஏறினது உனக்கு மறந்துபோச்சே? ஆறு மாதம் நான் நித்திரை கொள்ளேல்லை."

"அம்மாவுக்குத் தனிக் கோப்பை வாங்கினது மட்டும் எனக்கு நல்ல ஞாபகம்."

அவர் மறுபடியும் பலகையைப் பார்த்தார்.

"அந்தாள் வேணுமெண்டுதான் இண்டைக்குப் போட்டிருக்கு, அப்பா. ஜோஸ்லேனாக்கள் இதைப் பார்க்கவேணும். இனி எங்களோடை ஒருநாளும் சேரக்கூடாது. நாங்களும் இவையோடை சேரக்கூடாது. அதுக்குத்தான் உங்கடை கை தேவைப்பட்டது. அம்மாவின்ரை கையைப் பற்றி அந்தாளுக்கு என்ன கவலை?"

*

அழுக்குப் பக்கத்து அங்கிக்கு முன்னால் திறப்பு இல்லை. முதுகில் மூன்று நாடா. தானாய்க் கட்ட முடியாது. இன்னொருவர் கட்டிவிடவேண்டும். ஒன்பது வருசமாய்ப் புஷ்பராணியின் நாடாவை ஜோஸ்லேனும், ஜோஸ்லேனின் நாடாவைப் புஷ்பராணியும் கட்டினார்கள்.

புஷ்பராணி அங்கியை மாட்டிக்கொண்டு, பழக்கத்தில் முதுகைக் காட்டி நின்றாள். மற்றப் பெண்கள் ஒருவருக்கொருவர் கட்டிவிட்டு உள்ளே போனார்கள். காலடிச் சத்தங்கள் ஒவ்வொன்றாய்ப் போயின. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கப் பயம்.

பிறகு கழுத்தடியில் விரல்கள் பட்டன. ஜோஸ்லேனின் தடித்த விரல்கள். முதல் நாடா, இரண்டாம் நாடா, மூன்றாம் நாடா. எப்போதும் போல இரட்டை முடிச்சு.

"திங்கட்கிழமை உனக்கு நீலச் சட்டை தருவார்கள்," என்றாள் ஜோஸ்லேன், அவளுக்கு விளங்கும்படி மெதுவாய். "அதற்கு முன்பக்கம் பொத்தான். நீயே பூட்டலாம். ஆள் தேவையில்லை."

"ஜோஸ்லேன்."

"நீ சிரித்தாய், புஷ்பா. கையை உயர்த்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாய். மற்ற எல்லாவற்றையும் நான் மறப்பேன் என்று நினைக்கிறேன்."

ஜோஸ்லேனின் அங்கி நாடாக்கள் தொங்கிக்கொண்டிருந்தன. புஷ்பராணி அதைக் கட்டக் கை நீட்டினாள். ஜோஸ்லேன் விலகிப்போய் ஒரு கொங்கோப் பெண்ணுக்கு முதுகைக் காட்டினாள்.

பெல் அடித்தது. சுப்பர்வைசர் கையில் ஒரு தாளோடு வந்தார். இத்தனை நாளும் அழுக்குப் பக்கம் எட்டிப் பார்க்காதவர் இன்று உள்ளே வரை வந்தார். குழுப் பெண்களின் பெயர்களை வாசித்து ஒவ்வொருத்தியாய்ப் பிரித்துவிட்டார். ஒருத்தி சலவைத் தொட்டிக்கு, ஒருத்தி குப்பைக்கு. ஜோஸ்லேனுக்கு லொறி இறக்கும் மேடை. மடங்காத முழங்காலுக்கு வண்டில் தள்ளும் வேலை. நேற்று என்றால் இதைச் செய்ய அவருக்குப் பயமாயிருந்திருக்கும். கூட்டத்தில் எண்ணிய கணக்கு அவருக்கும் வந்துவிட்டது.

ஜோஸ்லேன் மேடைப் பக்கம் நடந்தாள்.

மூட்டை பிரிப்பது இரண்டு பேர் வேலை. ஒருத்தி விரிப்பின் நுனியைப் பிடித்து மெதுவாய்த் தூக்குவாள். எதிரே நிற்பவள் அடியில் பார்ப்பாள். ஏதாவது மினுங்கினால் கத்தவேண்டும். மெசின் இரைச்சலில் நீளமான பிரெஞ்சுச் சொல் எடுபடாது. புஷ்பராணி முதல் வருசத்திலேயே ஜோஸ்லேனுக்குத் தமிழ்ச் சொல்லைச் சொல்லிக் கொடுத்திருந்தாள். அதுதான் பிறகு முழு வரிசைக்கும் பழகிப்போனது. ஹெயிட்டிக்காரர், கொங்கோக்காரர் எல்லோரும் "ஊசி!" என்றுதான் கத்துவார்கள்.

இன்று எதிரே ஒரு புதுப் பெட்டை. ஏஜென்சியால் வந்த முதல் நாள். மணம் தாங்காமல் முகத்தைத் திருப்பி வைத்திருந்தாள்.

"கீழை பார்," என்று புஷ்பராணி பிரெஞ்சில் சொன்னாள். பெட்டை தலையாட்டிவிட்டு மற்றப் பக்கம் பார்த்தாள்.

ஒரு மணி நேரத்தில் நாற்பது மூட்டை. கண்ணுக்குள் அந்த மண்டபமே நின்றது. தன்னுடைய கை, தன்னுடைய பல். நாற்பத்தோராவது மூட்டையின் நுனியைப் பிடித்துத் தூக்கினாள். காது பழக்கத்தில் ஒரு குரலுக்காகக் காத்திருந்தது. குரல் வரவில்லை. மற்றக் கையை அடியில் கொடுத்தாள்.

வலது உள்ளங்கையில் சுருக்கென்றது.

அவள் கையை வெளியே எடுத்தாள். நீலக் கையுறையின் நடுவில் ஒரு சிவப்புப் பொட்டு, பார்க்கப் பார்க்கப் பெரிதாகியது. உயர்த்திய கையும் அதுதான். எதிரே நின்றவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அடுத்த மூட்டை வந்து விழுந்தது.

விபத்து என்று எழுதுவதற்கு, நேரில் கண்ட சாட்சி வேண்டும். போனமுறை ஜோஸ்லேன் கையெழுத்து வைத்தாள். ஆறு மாதம். மஞ்சள் கோப்பை.

சுவரில் ஒரு தடித்த கண்ணாடி ஜன்னல் உண்டு. அழுக்கு அங்கியோடு அந்தப் பக்கம் போகக்கூடாது, சுத்த உடுப்போடு இந்தப் பக்கம் வரக்கூடாது. கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். அருமைராசா நின்றார். வெள்ளைச் சட்டைக்கு மேல் வேலை உடுப்பு. ஒரு கையில் பலகையிலிருந்து கழற்றிய அந்தத் தாள், மற்றக் கையில் பேனை. வேலை முடிய வாசலுக்கு வா, கையெழுத்து வை என்று சைகை காட்டினார். அவருடைய கண் கெஞ்சியது.

அவள் கண்ணாடிக்குக் கிட்டப் போகவில்லை. நின்ற இடத்திலேயே வலது கையை மேலே உயர்த்தினாள். உள்ளங்கையை அவருக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

மருந்து நீராவி படிந்த கண்ணாடி. அந்தப் பக்கத்திலிருந்து பார்க்க, நீலக் கையுறை ஒன்று உயர்ந்தது மட்டும் தெரிந்தது. அவள் சம்மதித்துவிட்டாள் என்று அருமைராசா நினைத்தார். அன்றைக்கு முதல் தரமாய் அவருடைய முகம் மலர்ந்தது.

அவரும் தன் கையை உயர்த்திக் காட்டினார்.